ஆற்றையும் கணக்கில் சேர்ப்போம்!

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பார்கள். கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவர் எவரும், இப்பழமொழியை ஊரில் யாராவது ஒருவர் வாயிலாகக் கேட்காமல் பட்டம் பெறுவதில்லை. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பதால் யாருக்கு என்ன பயன்? அணிகளைப் பெருக்குவதால் எந்த வயலில் நெல் விளையும்? கேலிக்காகக் கேட்கப்படும் கேள்விகள் என்று இவற்றை நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவற்றுக்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. அது கொங்கு நாட்டில் ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் கிடக்கிறது.

தொழில் வளர வேண்டும்; சுற்றுச்சூழலும் கெடக்கூடாது. இவ்வாறு மேடையில் பேசுவது எளிது. தொழில் எவ்வளவு வளரலாம், ஆறு எவ்வளவு தாங்கும் என்று சொல்வதுதான் கடினம். ‘எவ்வளவு’ என்ற சொல் வந்தவுடனேயே கணிதமும் உடன் வந்துவிடுகிறது. தொழிற்சாலையின் கணக்கு அதன் வாயிற்கதவோடு முடிந்துவிடக் கூடாது. ஆறும் கிணறும் நிலமும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும். அக்கணக்கைத் தொழில் தொடங்கும் முன்பே போட்டு, யாரும் சரிபார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

மாதிரி என்பது யாது?

கணித மாதிரி என்றதும் பெரிய கணிப்பொறிகளும் புரியாத குறியீடுகளும் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. பானையில் இருக்கும் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று நம் தாய்மார்கள் கணக்கிடுகிறார்கள். இருப்பு இவ்வளவு, நாள்தோறும் செலவு இவ்வளவு, விருந்தினர் வந்தால் இவ்வளவு கூடும் என்பதே அக்கணக்கு. இருப்பு, வரவு, செலவு ஆகிய மூன்றையும் சமன்பாடாக எழுதி, நாளை என்ன ஆகும் என்று இன்றே சொல்வதுதான் மாதிரி. பானைக்குப் பதிலாக ஆற்றையும், அரிசிக்குப் பதிலாகக் கழிவையும் வைத்தால் அதுவே சுற்றுச்சூழல் கணிதம் ஆகிவிடும்.

இம்முறை புதியதன்று. 1925ஆம் ஆண்டிலேயே ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து, சாக்கடை நீர் கலந்த ஆற்றில் உயிர்வளி எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உண்கின்றன. காற்றிலிருந்து ஆறு மீண்டும் உயிர்வளியைப் பெறுகிறது. ஒன்று செலவு, மற்றொன்று வரவு. இவ்விரண்டின் வேகங்களையும் அளந்துவிட்டால், ஆற்றின் எந்த இடத்தில் உயிர்வளி மிகக் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நம் பாடத்தில் வரும் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

அச்சமன்பாடு சொன்ன செய்தி வியப்பானது. மிகக் கெட்ட இடம் சாக்கடை கலக்கும் வாய் அன்று. அதற்குச் சில கல் தொலைவு கீழே உள்ள இடம்தான். கழிவு கலக்கும் இடத்தில் நின்று நீரைச் சோதித்துவிட்டு “நன்றாகவே இருக்கிறது” என்று திரும்புபவர் ஏமாந்துபோவார். எங்கே போய் அளக்க வேண்டும் என்பதைக்கூடக் கணிதமே சொல்லித் தருகிறது.

இன்னொன்றையும் அது சொல்கிறது. சாக்கடைக் கழிவு சிதையக்கூடியது. ஆகவே போதிய நீரும் தொலைவும் கிடைத்தால் ஆறு மூச்சுவிட்டுத் தேறிவிடும். “ஓடும் நீருக்கு மாசில்லை” என்ற நம் முன்னோர் நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. ஆனால் உப்பு சிதைவதில்லை. அதனை எந்த நுண்ணுயிரும் உண்பதில்லை, காற்றும் கொண்டுபோவதில்லை. சமன்பாட்டில் சிதைவு வேகம் என்ற இடத்தில் பூஜ்யத்தை இட்டுப் பார்த்தால் போதும்: ஆற்றில் போட்ட உப்பு, எங்காவது ஓரிடத்தில் இருந்தே தீரும். நொய்யலின் கதை முழுவதும் இந்த ஒரு பூஜ்யத்தில் அடங்கிவிடுகிறது.

உப்பின் கணக்கு

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. திருப்பூர் பின்னலாடையால் உலகப் புகழ் பெற்ற ஊர். பனியனுக்கு நிறம் ஏற்றுவன சாயப்பட்டறைகள். பருத்தி நூலும் சாயமும் நீரில் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தைத் துணியில் ஏறச் செய்வதற்காக உப்பைச் சேர்க்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. உப்பு தங்குவதில்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு, வந்த அளவிலேயே கழிவு நீரோடு வெளியேறுகிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1,000 கிலோ துணிக்குச் சாயமேற்றும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் சாயக் கரைசல். லிட்டருக்கு 60 கிராம் உப்பு. இவை சாயத் தொழிலில் இயல்பான அளவுகளே. அப்படியானால் 10,000 லிட்டர் கரைசலில் 600 கிலோ உப்பு இருக்கும். துணியை அலசும் நீரையும் சேர்த்துக் கிலோவுக்கு 100 லிட்டர் நீர் செலவாவதாகக் கொண்டால், ஒரு லட்சம் லிட்டர் கழிவு நீரில் 600 கிலோ உப்பு, அதாவது லிட்டருக்கு 6,000 மில்லிகிராம்.

இத்தகைய பட்டறைகள் 500 இருந்தால் நாளொன்றுக்கு 300 டன் உப்பு. லாரிக்கு 10 டன் வீதம் 30 லாரிகள்! முப்பது லாரி உப்பை ஒருவர் தினந்தோறும் கொண்டுவந்து ஆற்றில் கொட்டினால் ஊர் பார்த்துக்கொண்டிருக்குமா? நீரில் கரைந்து வந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. நீரின் நிறத்தை எல்லோரும் பார்த்தார்கள். உப்பை மட்டும் கணக்கால்தான் பார்த்திருக்க முடியும்.

விதி இருந்தது, வழி இருக்கவில்லை

சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆற்றில் விடும் கழிவு நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதியும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் இவ்விதி அளப்பது செறிவை. ஆற்றைக் கெடுப்பதோ மொத்த உப்பு. இவ்வேறுபாட்டைக் கணிதம் பயின்றவர் உடனே காண்பார்.

மேலே சொன்ன பட்டறை, தன் ஒரு லட்சம் லிட்டர் கழிவுடன் இன்னும் ஏறக்குறைய 1,86,000 லிட்டர் நல்ல நீரைக் கலந்துவிட்டால் செறிவு 2,100 ஆகிவிடும். உப்பில் ஒரு கிலோகூடக் குறையாமலே விதி நிறைவேறிவிடும். கூடுதலாக நல்ல நீரும் கெடும்.

விதிப்படியே வந்த நீரை ஓர் அணையில் தேக்கினால் என்ன ஆகும்? வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பாதி நீர் ஆவியானால் 2,100 என்பது 4,200 ஆகிவிடும். அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். விதிப்படியான 2,100 மில்லிகிராம் நீரையே ஓர் உழவர் தம் ஒரு ஏக்கர் நிலத்துக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர். அதனுடன் நிலத்தில் இறங்கும் உப்பு 420 கிலோ. ஒரே ஒரு பாய்ச்சலில் எட்டு மூட்டைக்கு மேல்! அந்நிலத்தில் என்ன விளையும்?

நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக, ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் அணை ஒன்று எழுந்தது. அதில் தேங்கியது சாயக் கழிவு கலந்த நீர். நீரைத் திறந்துவிடுங்கள் என்று போராட வேண்டிய உழவர்கள், திறந்துவிடாதீர்கள் என்று போராடினார்கள். அணையைச் சுற்றியிருந்த கிணறுகளும் கெட்டன. மேலே சாயத் தொழிலும் கீழே பாசன அணையும் ஒரே ஆற்றின்மீது தனித்தனியே வளர்ந்தன. இவ்விரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் பிரித்துவைத்து ஒரு பக்கக் கணக்குப் போட்டிருந்தால், நடக்கப்போவது முன்பே தெரிந்திருக்கும்.

பிறகு வழக்கு நடந்தது. கழிவு நீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழக்கூடாது என்ற கடமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதனை உறுதி செய்தது. நிபந்தனைகள் நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

இங்கே ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். முதலில் நட்டமடைந்தவர் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர். இறுதியில் வேலையிழந்தவர் சாயப்பட்டறைத் தொழிலாளி. காலத்தில் போடாத கணக்குக்கு இவ்விருவருமே விலை கொடுத்தார்கள். “சுற்றுச்சூழல் பேசுபவர்கள் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறார்கள்” என்று சிலர் கூறுவதுண்டு. தொழிலாளியின் வயிற்றில் அடித்தது தாமதமே. பத்துப் பட்டறைகள் இருந்தபோது கேட்டிருந்தால் சிறு திருத்தத்தோடு முடிந்திருக்கும். பல நூறு பட்டறைகள் வளர்ந்தபின் கேட்டதால், ஒரே நாளில் பூட்டுப் போட நேர்ந்தது.

கணக்கின் எல்லை

திருப்பூர் முதலாளிகளுக்குக் கணக்குத் தெரியாதா? நூலின் விலை, சாயத்தின் விலை, கூலி, வட்டி, கப்பல் கட்டணம் என்று பைசா பிசகாமல் எழுதுபவர்கள் அவர்கள். உப்பை வாங்கிய செலவும் அவர்கள் ஏட்டில் இருந்தது. உப்பு எங்கே போயிற்று என்பது மட்டும் ஏட்டில் இல்லை. வாயிற்கதவுக்கு வெளியே போனது யார் கணக்கிலும் சேராமல் போயிற்று.

இக்குறையைப் பொருளாதார அறிஞர்களும் உணர்ந்திருந்தார்கள். ஒரு தொழிலின் விளைபொருள் மற்றொரு தொழிலின் இடுபொருளாவதை அணிகளாக எழுதிக் காட்டியவர் வாசிலி லியோன்டிப். அவர் 1970இல் தம் அட்டவணையோடு மாசுக்கென்று ஒரு வரிசையையும், மாசு நீக்கத்துக்கென்று ஒரு பத்தியையும் சேர்த்து எழுதலாம் என்று காட்டினார். 1973இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அணிகளைப் பெருக்கினால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இதைக் காட்டலாம். ஏட்டில் ஒரு வரிசையைக் கூட்டி எழுதுவதுதான் பசுமைத் தொழிலின் தொடக்கம்.

மூலத்தில் குறைப்பதே முதல்

இன்று சாயப்பட்டறைகள் கழிவு நீரை ‘ஆர்.ஓ.’ எனப்படும் சவ்வுகள் வழியே செலுத்தி நல்ல நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துகின்றன. எஞ்சும் கடும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றன. ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று ஊரில் வழங்குவது இதைத்தான். இது பாராட்டத்தக்க மாற்றம். ஆனால் கணிதம் இங்கேயும் ஓய்வெடுப்பதில்லை. கொதிக்கவைக்க எரிபொருள் எவ்வளவு என்று கேட்கிறது.

ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ விறகு 3,500 கிலோ கலோரி தருவதாகக் கொள்வோம். நம் கற்பனைப் பட்டறையின் ஒரு லட்சம் லிட்டர் நீரையும் அப்படியே கொதிக்கவைத்தால் நாளொன்றுக்கு 15 டன்னுக்கு மேல் விறகு எரியும்! ஆற்றைக் காக்கக் காட்டை எரித்த கதையாகிவிடும். சவ்வின் வழியே முதலில் நீரைப் பிரித்து, லிட்டருக்கு 40 கிராம் உப்பு வரும்வரை சுருக்கினால், ஆவியாக்க வேண்டியது 15,000 லிட்டர் மட்டுமே. ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் நான்கு அடுக்கு முறையைக் கையாண்டால் வெப்பச் செலவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். அப்போது விறகு சுமார் 580 கிலோ. 15 டன் எங்கே, 580 கிலோ எங்கே!

இன்னும் ஒரு படி பின்னால் போவோம். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் கரைசல் என்பதை, குறைந்த நீரில் சாயமேற்றும் புதிய கலங்களைக் கொண்டு 6 லிட்டராக்கினால், உப்பு 600 கிலோவிலிருந்து 360 கிலோவாகிவிடும். ஆவியாக்க வேண்டிய நீர் 9,000 லிட்டராகவும், விறகு சுமார் 350 கிலோவாகவும் குறையும். குழாயின் கடைசியில் நின்று சுத்தம் செய்வதைவிட, தொட்டியின் தலைமாட்டிலேயே குறைப்பது மேல் என்பதை இவ்வெண்கள் கூறுகின்றன. உப்பு வாங்கும் செலவும் குறைகிறது. விறகுச் செலவும் குறைகிறது. இங்கே ஆற்றின் நலமும் முதலாளியின் நலமும் ஒரே திசையில் போகின்றன. எந்த இடம்வரை அவை ஒன்றாகப் போகும், எந்த இடத்தில் பிரியும் என்று காட்டுவதே கணிதத்தின் தொண்டு. பிரியும் இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்பது சமுதாயம் செய்ய வேண்டிய முடிவு. அதைச் சமன்பாட்டின் தலையில் கட்டிவிட முடியாது.

நிறை எங்கும் மறைவதில்லை என்ற உண்மை இங்கும் தொடர்கிறது. ஆவியாக்கியபின் மீண்டும் பயன்படுத்தக்கூடிய உப்பு ஒரு பங்கு; பல பொருள்கள் கலந்து பயனற்றுப்போன உப்பு மற்றொரு பங்கு. அது மூட்டைகளாகத் தேங்குகிறது. ஆற்றிலிருந்து காப்பாற்றியதைக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஏட்டின் அடுத்த பக்கம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

மாதிரியும் பொய் சொல்லும்

மாதிரியைப் புகழ்ந்துகொண்டே போவதும் முறையாகாது. அது தவறான கையில் ஏமாற்றுக் கருவியாகவும் ஆகிவிடும். ஆண்டில் சில நாட்கள் பெருகி ஓடி, பல மாதங்கள் வறண்டு கிடக்கும் நொய்யலுக்குச் ‘சராசரி நீரோட்டம்’ என்று ஓர் எண்ணைக் கண்டு, அந்நீரில் கழிவு கரைந்துவிடும் என்று காட்டலாம். கூட்டல் வகுத்தலில் பிழை இராது. ஆனால் அந்தச் சராசரி நாள் ஆற்றில் வருவதே இல்லை. வறண்ட மாதத்தில் ஆற்றில் ஓடுவது கழிவு மட்டுமே.

ஆகவே எந்த மாதிரியைக் கண்டாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எண்களை அளந்தவர் யார்? கணக்கின் எல்லை எங்கே முடிகிறது? மிக மோசமான நாளுக்கு விடை என்ன? தொழில் நடத்துபவர் தாமே அளந்து, தாமே கணக்கிட்டு, தாமே “பாதிப்பில்லை” என்று முடித்துக்கொண்டால், அது கணிதத்தின் உடையை அணிந்த விளம்பரமே ஆகும். விரிவான ஆங்கில அறிக்கைகளுக்குள் புதைந்து கிடக்கும் கணக்கு ஊராருக்குப் பயன்படாது. உப்பு இவ்வளவு வருகிறது, இவ்வளவு மீட்கப்படுகிறது, மீதி இன்ன இடத்துக்குப் போகிறது என்று ஒரே தாளில், தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர் எல்லாரும் சரிபார்க்கலாம்.

நம் கடமை

இதில் அரசு கலைக் கல்லூரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மிகுந்த வேலை உண்டு. நம் வகுப்பறைகளில் உழவர் வீட்டுப் பிள்ளையும் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கிறார்கள். இரு வீட்டின் துன்பத்தையும் அறிந்தவர்கள் போடும் கணக்கு எந்தப் பக்கமும் சாயாது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி இன்று மலிவாகக் கிடைக்கிறது. வேதியியல் மாணவர் மாதந்தோறும் சில கிணறுகளை அளக்கட்டும். புவியியல் மாணவர் அவற்றை வரைபடத்தில் குறிக்கட்டும். கணித மாணவர் வரவு செலவுச் சமன்பாட்டை எழுதட்டும். பொருளியல் மாணவர் விலையைக் கணக்கிடட்டும். தமிழ்த் துறையினர் அதனை ஊராருக்குப் புரியும் தமிழில் எழுதித் தரட்டும். மூன்றாண்டுகள் இவ்வாறு செய்தால், எந்த அலுவலகத்திலும் இல்லாத ஓர் ஏடு நம் கல்லூரியில் இருக்கும்.

நம் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் தொட்டியில் உப்பு நீர் கலக்கும் கணக்கு ஒன்று தவறாமல் வருகிறது. நாமும் அதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தத் தொட்டிக்கு ஒரத்துப்பாளையம் என்று பெயர் சூட்டிக் கற்பியுங்கள். விடை பிழையானால் குறைவது மதிப்பெண் மட்டும் அன்று, ஓர் ஊரின் கிணற்று நீர் என்பதை நாங்கள் அப்போது உணர்வோம்.

தோல் பதனிடும் தொழிலாகட்டும், காகித ஆலையாகட்டும், சர்க்கரை ஆலையாகட்டும், நாளை வரப்போகும் எந்தப் புதிய தொழிலாகட்டும், அது நம் ஊருக்கு வரட்டும், வேலை தரட்டும். ஆனால் வரும்போதே தன் ஏட்டையும் கொண்டுவரட்டும். அந்த ஏட்டைப் பிரித்து, கடைசி வரிவரை கூட்டிப் பார்க்கும் துணிவும் பயிற்சியும் நமக்கு வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் போகலாம். ஏட்டுக் கணக்கு ஆற்றுக்கு உதவும். அதைப் போடுவதற்கு நாம் முன்வருவோமாக!